பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டை வீட்டிலேயே பராமரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய புல்லட்டை வாசலில் சென்டர் ஸ்டாண்டு போட்டுவிட்டு ஸ்பானரோடு உட்கார்ந்தால் போதும், பத்து நிமிஷத்தில் நாலு பேர் கூடிவிடுவார்கள். அதில் ஒருவரிடமாவது இதே வண்டி இருக்கும். ஏதாவது கேட்பார். அப்படி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை இவை. என்னுடையது 1986 மாடல் 350, மாமனார் ஓட்டிக் கொடுத்தது. நான் மெக்கானிக் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கை கறுக்க வேலை பார்க்கிறவன், அவ்வளவுதான். இங்கே சொல்வதில் பாதி, தப்பு செய்து கற்றுக்கொண்டது.

இதெல்லாம் எந்த வண்டிக்குப் பொருந்தும்?

1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியதிலிருந்து, திருவொற்றியூரில் தயாரான 350 புல்லட்டின் எஞ்சின் அரை நூற்றாண்டுக்கு மேல் அடிப்படையில் மாறவில்லை. 346 சிசி, 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், புஷ் ராடு. சிலிண்டர் வார்ப்பிரும்பு என்பதால்தான் காஸ்ட் அயர்ன் என்கிறோம். மேலே உட்காரும் ஹெட் அலுமினியம்தான்.

அடையாளம் எளிது. எஞ்சின் தனி, கியர் பாக்ஸ் தனி, இரண்டையும் போல்ட் போட்டுச் சேர்த்திருப்பார்கள். பெரும்பாலானவற்றில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இரண்டும் ஒரே கூட்டுக்குள் இருந்தால் அது பின்னால் வந்த யூசிஇ எஞ்சின் (யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன் எஞ்சின்), அதற்கு இந்தக் குறிப்புகள் உதவாது. எலெக்ட்ரா மாடல் வைத்திருப்பவர்கள் பாயின்ட் (பிளக்கில் பொறி வர மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்ச்) பற்றிய பகுதியைத் தாண்டிவிடலாம், அதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன்.

என்னென்ன டூல்ஸ் வேண்டும்?

முதல் அதிர்ச்சி இங்கேதான். ஒரே வண்டியில் மில்லிமீட்டர் ஸ்பானர் உட்காரும் நட்டும் இருக்கும், இங்கிலாந்துக்காரர் விட்டுப்போன விட்வொர்த் அளவு நட்டும் இருக்கும். "கிட்டத்தட்ட உட்காருதே" என்று மில்லிமீட்டர் ஸ்பானரை வைத்து அழுத்தினால் நட்டின் முனை உருண்டுவிடும். என் வண்டியில் உருண்ட நட்டுகள் ஏழு. அதில் மூன்று என் கைவண்ணம்.

விட்வொர்த் ஸ்பானர் செட் ஒன்று, ஃபீலர் கேஜ் ஒன்று, நல்ல பிளக் ஸ்பானர், திருப்புளி சின்னதும் பெரியதும், கட்டிங் பிளேயர், பழைய பல் துலக்கும் பிரஷ், மண்ணெண்ணெயோ டீசலோ அரை லிட்டர், ஒரு கிலோ பனியன் வேஸ்ட். அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு. என்றைக்கு எதைத் தொட்டீர்கள், எத்தனை சுற்று திருப்பினீர்கள் என்று எழுதிவையுங்கள். அந்த நோட்டு எந்த ஸ்பானரையும் விட அதிக வேலை செய்யும்.

வண்டி இழுக்கவில்லை, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஸ்லோவில் ஓடவில்லை. கார்புரேட்டரை எப்படி வைப்பது?

கார்புரேட்டரில் கை வைக்காதீர்கள். இன்னும் இல்லை.

நம் ஊரில் வண்டி எதற்கு முரண்டு பிடித்தாலும் முதலில் திருப்புளி போவது கார்ப் ஸ்க்ரூவுக்குத்தான். வெளியே தெரிகிறது, கைக்கு எட்டுகிறது, திருப்பினால் உடனே சத்தம் மாறுகிறது. அதனால் ஏதோ சரிசெய்த மாதிரி ஒரு திருப்தி. ஆனால் டேப்பெட் (வால்வைத் தள்ளும் ராடுக்கு விட வேண்டிய இடைவெளி) இறுகி வால்வு மூடாமல் இருக்கும்போது, அல்லது பாயின்ட் தேய்ந்து டைமிங் (பிளக்கில் பொறி வரும் நேரம்) பின்தங்கியிருக்கும்போது, கார்பை எப்படி வைத்தாலும் அந்தக் குறையை மறைக்கத்தான் செய்வீர்கள். இரண்டு வாரத்தில் அது வேறு வடிவத்தில் வரும். அப்போது எது ஆதிக் குறை, எது நீங்கள் சேர்த்தது என்று பிரிக்க முடியாது.

வரிசை இது: முதலில் டேப்பெட், பிறகு பாயின்ட் இடைவெளி, பிறகு டைமிங், கடைசியில் கார்ப். இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. பாயின்ட் இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் நகரும். இடைவெளி கூடினால் பாயின்ட் சீக்கிரம் திறக்கும், அதாவது டைமிங் முன்னேறும். டைமிங் நகர்ந்தால் ஸ்லோ மாறும். கீழே உள்ள படி ஆடினால் மேலே உள்ளது எல்லாம் ஆடும்.

சரி, டேப்பெட் எப்படி வைப்பது?

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில், கிக்கரைத் தொடும் முன்பு. சிலிண்டரின் வலது பக்கம் அடியில் சின்ன மூடி ஒன்று, நடுவே ஒரே ஒரு நட்டு. அதைக் கழற்றினால் இரண்டு புஷ் ராடுகளின் அடிப்பகுதி தெரியும். கொஞ்சம் ஆயில் வடியும், கீழே துணி போட்டுக்கொள்ளுங்கள்.

பிளக்கைக் கழற்றிவிட்டால் எஞ்சின் இலகுவாகச் சுற்றும். டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் உருட்டுங்கள். ஒரு ராடு முழுக்க மேலே ஏறி நிற்கும்போது, அதாவது அந்த வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது, மற்ற ராடைச் சரிபார்க்க வேண்டும். பிறகு இதைத் திருப்பிச் செய்ய வேண்டும்.

இதற்கு ஃபீலர் கேஜ் தேவையில்லை, விரல்தான் அளவுகோல். ராடைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து உருட்டினால் தங்குதடையில்லாமல் சுழல வேண்டும். அதே ராடை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் இருக்கவே கூடாது. பென்சிலை உருட்டுவது போல உருள வேண்டும், ஆனால் டக்கென்று தட்டக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடம் ரொம்பக் குறுகலானது. முதல் தடவை எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

ராடின் அடியில் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டர் உண்டு. சிக்கல் அதைப் பூட்டும் லாக் நட்டில். மூன்று மெல்லிய ஸ்பானர் தேவைப்படும், நமக்குக் கையோ இரண்டுதான். சரியாக வைத்து லாக் நட்டை இறுக்கும்போது அட்ஜஸ்டரும் சேர்ந்து அரைக்கால் சுற்று திரும்பிவிடும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி விரலால் உருட்டிப் பாருங்கள். இறுகிவிட்டதா, திரும்ப அவிழுங்கள். கடைசியாகச் சக்கரத்தை நாலைந்து சுற்று உருட்டிவிட்டு இன்னொரு முறை பார்த்து மூடுங்கள்.

தளர்வாக இருந்தால் 'டக் டக்' என்று சத்தம் வரும், மானம் போகுமே தவிர எஞ்சின் உடனே போகாது. இறுக்கமாக இருந்தால் சத்தமே வராது. வால்வு முழுக்க மூடாமல் மெல்லக் கருகும். சத்தமில்லாத புல்லட் என்று பெருமைப்படுகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

பாயின்ட்டை மாற்ற வேண்டுமா, தேய்த்தால் போதுமா?

வட்ட மூடியைத் திறந்து பாயின்ட்டின் இரண்டு முகங்களையும் பாருங்கள். லேசாகச் சாம்பல் பூத்திருந்தால் துடைத்தால் போதும். ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியுமாக இருந்தால் மாற்றிவிடுங்கள், கண்டன்சரையும் (பாயின்ட்டுக்கு நடுவே பொறி பறக்காமல் தடுப்பது) சேர்த்து. அந்த மேடு பள்ளம் பெரும்பாலும் கண்டன்சர் தளர்ந்துபோனதன் அடையாளம்.

உப்புத்தாளால் தேய்ப்பவர்கள் தேய்த்த பிறகு துகளைத் துடைப்பதில்லை. பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, பழைய விசிட்டிங் கார்டு ஒன்றைப் பாயின்ட்டுக்கு நடுவே கொடுத்து இழுத்தெடுங்கள். கார்டில் கறுப்புக் கோடு விழாமல் வரும் வரைக்கும்.

இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. கேம் உச்சத்தில் பாயின்ட் அதிகபட்சம் திறந்திருக்கும்போது அளக்க வேண்டும். கேமில் மிளகளவு கிரீஸ் வையுங்கள். அது காய்ந்துபோனால் கேமில் உரசும் ஃபைபர் தேய்ந்து, இடைவெளி தானே குறைந்து, டைமிங் தானே பின்தங்கும். "நல்லாத்தான் ஓடிட்டிருந்தது, கொஞ்சம் கொஞ்சமா இழுவை போயிடுச்சு" என்று வருகிற வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இந்தக் கிரீஸ் இருக்கிறதா என்றுதான்.

டைமிங் லைட் இல்லாமல் டைமிங் வைக்க முடியுமா?

முடியும். கருவி ஏற்கெனவே ஹெட்லைட் மேல் உட்கார்ந்திருக்கிறது: அம்மீட்டர். பாயின்ட் மூடியிருந்தால் காயிலில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது) கரன்ட் ஓடும், ஊசி மைனஸ் பக்கம் சாயும். பாயின்ட் திறந்த அந்தக் கணம் ஊசி நடுவுக்குத் திரும்பும். ஹெட்லைட், பிரேக் லைட் எல்லாம் அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊசி குழப்பும்.

350 புல்லட்டுக்குப் பாயின்ட் திறக்க வேண்டிய இடம், அட்வான்ஸ் எடைகள் (வேகம் கூடும்போது விரிந்து டைமிங்கை முன்னேற்றுபவை) விரியாத நிலையில், கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே வரும்போது. பிளக் ஓட்டை வழியாக ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை விட்டு, அதன் வெளிமுனையை நன்றாக வளைத்துக்கொண்டு, பிஸ்டன் ஏறுவதைப் பார்க்கலாம். ஓட்டை சாய்வாக இருப்பதால் கம்பி சிக்கிக்கொள்ளும் கோணங்கள் உண்டு. சக்கரத்தை அங்குலம் அங்குலமாக உருட்டுங்கள். ஊதுபத்திக் குச்சி, ஈர்க்குச்சி எதையும் விடாதீர்கள். உடைந்து உள்ளே விழுந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

உச்சியைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் உருட்டி நிறுத்தக் கூடாது. நிறையப் பின்னால் போய், மறுபடி முன்னோக்கி வர வேண்டும். இல்லாவிட்டால் செயினிலும் பல்சக்கரத்திலும் உள்ள தளர்வு கணக்கில் சேர்ந்துவிடும். இடம் கிடைத்ததும் டிஸ்ட்ரிபியூட்டரின் (பாயின்ட் உட்காரும் கூடு) கிளாம்பைத் தளர்த்தி, ஊசி துள்ளுகிற இடம் வரை அதன் உடலை மெல்லத் திருப்பி இறுக்குங்கள். எந்தப் பக்கம் திருப்பினால் சீக்கிரம் திறக்கிறது என்பதை ஊசியே சொல்லிவிடும். இடையில் டீ குடிக்கப் போனால் சாவியை அணைத்துவிட்டுப் போங்கள். பாயின்ட் மூடிய நிலையில் சாவி போட்டே இருந்தால் காயில் சுடும், பேட்டரி இறங்கும்.

கம்பி அளவு நூல் பிடித்த மாதிரி இருக்காது. கடைசித் தீர்ப்பு சாலையில். டாப் கியரில் மெதுவாக ஒரு மேம்பாலம் ஏறி, ஆக்சிலேட்டரைத் திறங்கள். சில்லறை குலுங்குவது மாதிரி நாக்கிங் கேட்டால் டைமிங் முன்னேறியிருக்கிறது. எஞ்சின் சோம்பலாக, சூடு அதிகமாக இருந்தால் பின்தங்கியிருக்கிறது. ஒரு தடவைக்கு ஒரு மயிரிழைதான் நகர்த்த வேண்டும், நோட்டில் எழுதிக்கொண்டு.

இப்போதாவது கார்பைத் தொடலாமா?

தொடலாம். முதலில் எஞ்சினைச் சூடாக்குங்கள், ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தால் சரி.

மிக்கார்ப் விஎம் வகையில் பக்கவாட்டில் இரண்டு ஸ்க்ரூ. ஒன்று ஸ்லைடைத் தூக்கிப்பிடித்து ஸ்லோவை ஏற்றி இறக்குவது. இன்னொன்று ஏர் ஸ்க்ரூ, இதில்தான் குழப்பம். இது திருப்புவது காற்றை, பெட்ரோலை அல்ல. உள்ளே திருப்பினால் காற்று குறைந்து கலவை கெட்டியாகும், வெளியே திருப்பினால் மெலியும். முழுக்க உள்ளே மூடி (இறுக்கக் கூடாது, தொட்டதும் நிறுத்துங்கள்) ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஆரம்பியுங்கள். அங்கிருந்து கால் சுற்றாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போய், ஸ்லோ அதிகபட்சம் ஏறுகிற இடத்தைப் பிடியுங்கள். ஏறிய ஸ்லோவை மற்ற ஸ்க்ரூவால் இறக்குங்கள்.

ஏர் ஸ்க்ரூவை எங்கே வைத்தாலும் சத்தம் மாறவில்லை என்றால் ஸ்லோவுக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட் அடைத்திருக்கிறது. கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசிமுனை அளவு ஒளி தெரிய வேண்டும். அடைப்பை எடுக்கக் கம்பி விடாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும். பெட்ரோலில் ஊறவைத்து, பஞ்சர் கடைக்கு எடுத்துப்போய்க் காற்றடித்தால் போதும்.

பிளக்கின் நிறத்தை வைத்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

நல்ல டிகாக்‌ஷனில் அளவாகப் பால் விட்ட காபி நிறம் இருந்தால் கலவை சரி. கரி பூத்திருந்தால் கெட்டி, அல்லது ஏர் ஃபில்டர் அழுக்கு. வெள்ளையாக இருந்தால் மெலிவு. உடனே கவனியுங்கள், பிஸ்டன் பிடிக்கும். கறுப்பாகவும் ஈரமாகவும் ஆயில் பளபளத்தால் ரிங் அல்லது வால்வு கைடு பக்கம் வேலை வருகிறது. ஸ்லோவில் ரொம்ப நேரம் நிற்கவைத்துவிட்டுப் பார்த்தால் எந்தப் பிளக்கும் கறுப்பாகத்தான் இருக்கும், ஓட்டிவிட்டு வந்து பாருங்கள்.

கிக்கர் திருப்பி அடிக்கிறது. பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியதுதான், கணுக்காலைப் பதம் பார்த்துவிடும். முறை இது: சாவி போட்டு, கிக்கரை மெல்ல அழுத்தினால் ஓரிடத்தில் கனத்து நிற்கும். அங்கே டீகம்ப்ரஷரை (சிலிண்டருக்குள் அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் மட்டும் கீழே தள்ளுங்கள். பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிடும். டீகம்ப்ரஷரை விடுங்கள், கிக்கரை மேலே வரவிடுங்கள். இப்போது தயங்காமல் கடைசி வரைக்கும் ஒரே உதை. அரைமனதாக உதைத்தால்தான் அது திருப்பி அடிக்கும்.

முறையாக உதைத்தும் அடிக்கிறது என்றால் டைமிங் முன்னேறியிருக்கிறது, அல்லது பாயின்ட் தட்டுக்கு அடியில் உள்ள அட்வான்ஸ் எடைகள் விரிந்த இடத்திலேயே சிக்கி நிற்கின்றன. துருவும் பழைய கிரீஸும் சேர்ந்து அப்படி ஆகும்.

இருபது கிலோமீட்டர் நன்றாக ஓடுகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. ஏன்?

இது என்னை ஒரு மாசம் அலைக்கழித்த கேள்வி. எனக்கும் இதே நோய்தான். காயில் என்றார்கள், மாற்றினேன். கண்டன்சர் என்றார்கள், இரண்டு மாற்றினேன். ஒரு சனிக்கிழமை மேல்மருவத்தூர் தாண்டி வண்டி வழக்கம் போல இருமி நின்றது. டீக்கடை வாசலில் தள்ளி நிறுத்தி, பிளக்கைக் கழற்ற ஆரம்பித்தேன். பக்கத்தில் லாரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, டேங்க் மூடியத் தொறந்து பாத்தீங்களா?" என்றார். திறந்தேன். 'புஸ்' என்று காற்று உள்ளே போனது. பிளக்கை மாட்டி உதைத்தேன், முதல் உதையிலேயே பிடித்தது.

டேங்க் மூடியில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. அது அடைத்தால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, ஒரு கட்டத்தில் பெட்ரோல் கீழே வராது. ஆறவிடும் நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போவதால் மறுபடி ஓடும். சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஓட்டையை அடைத்தது யார் என்றால், தீபாவளிக்கு முன்னால் டேங்க்கோடு சேர்த்து மூடிக்கும் வாக்ஸ் பாலிஷ் போட்ட நான்தான்.

ஆகவே நின்றதும் முதல் வேலை மூடியைத் திறப்பது. அதில் பிடிக்கவில்லை என்றால் பிளக்கைக் கழற்றி, அதன் உடல் ஹெட்டைத் தொடும்படி வைத்து உதைத்துப் பாருங்கள். பிளக் ஓட்டைப் பக்கம் வைக்காதீர்கள், அங்கே பெட்ரோல் ஆவி வரும். தடித்த நீலப் பொறி வந்தால் மின்சாரப் பக்கம் சரி, கார்புக்குப் பெட்ரோல் வருகிறதா என்று பாருங்கள். மெலிந்த மஞ்சள் பொறி, அல்லது பொறியே இல்லை என்றால் பாயின்ட் மூடியைத் திறந்து வைத்து உதைக்கச் சொல்லுங்கள். பாயின்ட்டுக்கு நடுவே பளிச் பளிச்சென்று பெரிதாகப் பொறி பறந்தால் கண்டன்சர். அது சுத்தமாக இருந்தும் பிளக்கில் பொறி இல்லை, காயிலைத் தொட்டால் சுடுகிறது என்றால் சந்தேகம் காயில் மேல்.

எந்த ஆயில், எத்தனை நாளைக்கு ஒருமுறை?

20டபிள்யூ-50, சாதாரண மினரல் ஆயில் போதும். விலையுயர்ந்த சிந்தெடிக் ஊற்றினால் இந்த எஞ்சினுக்கு ஒரு லாபமும் இல்லை, இன்னும் இரண்டு இடத்தில் ஒழுகும். நான் 2,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

ஃபில்டரை மாற்றியவுடன் ஒரு ஆபத்து உண்டு. ஃபில்டர் உட்காரும் அறை காலியாக இருக்கும். அது நிரம்பிய பிறகே பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் இடம்) ஆயில் போகும். அதனால் பிளக்கைக் கழற்றிவிட்டு முப்பது நாற்பது தடவை வெறுமனே உதையுங்கள். ஸ்டார்ட் ஆன பிறகு, ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டை ஹெட்டில் அரைச்சுற்று தளர்த்திப் பாருங்கள். ஆயில் துடித்துத் துடித்துக் கசிந்தால் பம்ப் வேலை செய்கிறது. வரவில்லையா, உடனே அணையுங்கள்.

இரண்டு மாதம் நிறுத்திவைத்து எடுத்தேன். டிப் ஸ்டிக்கில் ஆயிலே இல்லை, ஊற்றினேன். இப்போது புகை, எங்கு பார்த்தாலும் ஆயில்.

ஆயில் காணாமல் போகவில்லை, இடம் மாறியிருந்தது. நிறுத்தி வைத்தால் ஆயில் டேங்க்கில் உள்ள ஆயில் பம்பு வழியாகக் கசிந்து, கிராங்க் சுற்றும் அடிக்கூடான கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். இந்த எஞ்சினின் பிறவிக்குணம். மேலே நீங்கள் இன்னொரு லிட்டர் ஊற்றியதும் மொத்தமும் அதிகமாகி, எஞ்சினிலிருந்து காற்று வெளியேறும் பிரீதர் வழியாகக் கக்குகிறது.

கிராங்க் கேஸின் அடி பிளக்கைக் கழற்றி, இறங்கியிருக்கும் ஆயிலைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து, ஆயில் டேங்க்கில் திரும்ப ஊற்ற வேண்டும். அளவைப் பத்து நிமிஷம் ஓட்டி வந்த பிறகுதான் பார்க்க வேண்டும், ஆறிக்கிடக்கும் வண்டியில் அல்ல.

ஆயில் ஒழுகாத புல்லட் உண்டா?

உண்டு, ஆயில் தீர்ந்துபோன புல்லட். சொட்டுவது வேறு, ஒழுகுவது வேறு. ராத்திரி நிறுத்திய இடத்தில் காலையில் ஒரு ரூபாய்க் காசு அளவு கறை இருந்தால் நான் கண்டுகொள்வதில்லை. அதற்கு மேல் என்றால் எங்கிருந்து வருகிறது என்று துடைத்து, கோலமாவு தூவிப் பாருங்கள், ஈரமாகிற இடம் காட்டிக்கொடுக்கும். பேக்கிங்கை மாற்றாமல் நட்டை மட்டும் இறுக்கிக்கொண்டே போனால் அலுமினிய மரை கழன்றுவிடும், பிறகு லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

கியர் மாற்றும்போது நடுவில் நியூட்ரல் மாதிரி விழுகிறது. கிளட்சும் வழுக்குகிறது.

போலி நியூட்ரலுக்குக் கியர் பாக்ஸைப் பிரிக்கச் சொன்னால் அவசரப்படாதீர்கள். கியர் பாக்ஸின் வெளி மூடிக்குள் இரண்டு போல்ட்டில் நிற்கும் ஒரு தட்டு இருக்கும். அது நகர்ந்திருந்தால் கியர் ஒரு பக்கம் முழுதாக விழும், மறுபக்கம் பாதியில் நிற்கும். போல்ட்டைத் தளர்த்தித் தட்டை ஒரு மில்லிமீட்டர் நகர்த்திப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

கிளட்ச் வழுக்கினால் முதலில் கேபிளில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிரைமரி கேஸில் (கிளட்ச் உட்காரும் கூடு) என்ன ஆயில் ஊற்றியிருக்கிறீர்கள் என்று யோசியுங்கள். வழுவழுப்பைக் கூட்டும் பொருள் சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் பிளேட் வழுக்கத்தான் செய்யும்.

செயின், பிரேக்?

பின் செயினில் ஒரு அங்குலத் தளர்வு, அதுவும் செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் அளந்து. ஆக்சிலின் இரு பக்கமும் நத்தை ஓடு மாதிரி வெட்டிய கேம் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் நகர்த்துங்கள், இல்லாவிட்டால் சக்கரம் கோணும்.

டிரம்மைத் திறந்தால் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள். பிரேக்கில் சந்தேகம் என்றால் நீங்களே பரிசோதனை செய்யாமல் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

இருபது சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய புல்லட்டை என்ன செய்யும்?

ஒரு நாளில் எதுவும் செய்யாது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைத் தாக்கும். கடற்கரை ஊர்களில் பாதி டேங்க்கோடு நிறுத்தி வைத்தால் உள்ளே துரு சீக்கிரம் வரும். பெட்ரோல் குழாயையும் கார்பில் உள்ள ரப்பர் வளையங்களையும் புதிதாக மாற்றிவிடுங்கள், அதிகச் செலவில்லை. வாரக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்பில் உள்ளது தீரும் வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துங்கள். எத்தனால் கலந்ததில் கலவை கொஞ்சம் மெலியும். பிளக் வெளுத்துக்கொண்டே போனால் மெயின் ஜெட்டில் ஒரு எண் ஏற்றிப் பார்க்கலாம்.

சத்தம் நன்றாக வர சைலன்சரை மாற்றலாமா?

சட்டப்படி கூடாது, போலீஸ் பிடித்தால் அபராதம். அதை விடுங்கள், சைலன்சரை மாற்றினால் கார்பும் மாற வேண்டும்; யாரும் மாற்றுவதில்லை. ஆக்சிலேட்டரை விடும்போது 'பட் பட்' என்று வெடிப்பதை ரசிப்பவர்கள், ஹெட்டில் பைப் சேரும் இடத்தில் காற்று கசிகிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

உதிரிபாகம் எங்கே கிடைக்கும்?

புதிது என்றால் சென்னையில் ஜி.பி. ரோடு. பழையது என்றால் புதுப்பேட்டை. பாயின்ட், கண்டன்சர் போன்றவற்றில் போலி அதிகம். பழையதைக் கையோடு எடுத்துப்போய் எடையையும் ஸ்பிரிங்கின் இறுக்கத்தையும் ஒப்பிட்டு வாங்குங்கள். ஹெட், கியர் பாக்ஸ் கூடு மாதிரியானவை பழைய ஒரிஜினலே மேல்.

எதை வீட்டில் செய்யக் கூடாது?

கிராங்க், பிக் எண்டு, போர் அடிப்பது, வால்வு சீட் வெட்டுவது, சக்கரக் கோட்டம் எடுப்பது. இவற்றுக்கு லேத்தும் பழகிய கையும் வேண்டும். ஆனால் போர் அடிக்கக் கொடுக்கும்போது பிஸ்டனை முதலில் வாங்கிக் கையில் கொடுங்கள், பிஸ்டனுக்கு ஏற்றபடிதான் போர் அடிக்க வேண்டும். "போர் அடிச்சு வெச்சிடறேன், பிஸ்டன் அப்புறம் வாங்கிக்கலாம்" என்று சொல்கிற பட்டறையிலிருந்து சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பதிவு எத்தனை வருஷம் செல்லும்?

முதல் பதிவு 15 வருஷம், அதன் பிறகு ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். ஆர்டிஓ அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பெயின்ட்டில் மறைந்திருந்தால் முந்தின நாளே சுரண்டி வையுங்கள். வரிசையில் நின்று சுரண்டினால் பின்னால் நிற்பவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டியிருக்கும்.

வெளியூர் போகும்போது டூல் பாக்ஸில் என்ன வைப்பது?

பாயின்ட் செட் ஒன்று, கண்டன்சர் ஒன்று, பிளக் இரண்டு, கிளட்ச் கேபிளும் ஆக்சிலேட்டர் கேபிளும் ஒவ்வொன்று, செயின் லாக், ஃபியூஸ், இன்சுலேஷன் டேப், கட்டுக்கம்பி ஒரு முழம், டெஸ்ட் பல்பு, பனியன் வேஸ்ட். புது கிளட்ச் கேபிளைப் பெட்டியில் சுருட்டி வைக்காமல் பழையதன் கூடவே, இரண்டு முனையும் கட்டி, வண்டியிலேயே ஓடவிட்டு வைப்பேன். வழியில் அறுந்தால் முனையை மாற்றி மாட்டினால் போதும், டேங்க்கைத் தூக்க வேண்டாம்.